டான் ஆஃப் வார் 4: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ‘டான் ஆஃப் வார்’ நான்காம் பாகம் வருகிறது என்றதிலிருந்து கை பரபரக்கிறது. ஆனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உறுதியாக நம்பக்கூடியது எவ்வளவு?

பதில்: பரபரப்பதில் தவறே இல்லை. வார்ஹாமர் 40,000 என்ற கற்பனை உலகில் படை திரட்டிப் போரிடும் இந்தக் கணினி கேம் வரிசை, மூன்றாம் பாகம் 2017 ஏப்ரலில் வந்ததோடு நின்றுபோயிருந்தது. நான்காம் பாகத்தை 2025 ஆகஸ்டில், ஜெர்மனியில் நடந்த கேம்ஸ்காம் கண்காட்சியின் தொடக்க இரவில் அறிவித்தார்கள். வெளியீட்டு ஆண்டாகச் சொன்னது 2026. முதல் மூன்று பாகங்களைச் செய்த ரெலிக் நிறுவனம் இதைச் செய்யவில்லை. பிரேமன் நகரைச் சேர்ந்த கிங் ஆர்ட் செய்கிறது, டீப் சில்வர் வெளியிடுகிறது.

படைகள் நான்கு: பிளட் ரேவன்ஸ் என்ற ஸ்பேஸ் மரீன் (கனத்த கவசம் அணிந்த மனித வீரர்கள்) பிரிவு, ஆர்க்குகள் (முரட்டு வேற்றினம்), நெக்ரான்கள் (உலோக உடல் கொண்ட பழைய இனம்), அடெப்டஸ் மெக்கானிகஸ் (இயந்திரத்தை வணங்கும் மனிதர்கள்). நான்குக்கும் தனித்தனி கேம்பெயின் (கதையோடு வரும் போர்த் தொடர்) உண்டு. களம் குரோனஸ் கிரகம். 2006-இல் வந்த ‘டார்க் குருசேட்’ எக்ஸ்பான்ஷனில் (முதல் பாகத்தின் கூடுதல் தொகுப்பு) ஏழு படைகள் மோதிக்கொண்ட அதே கிரகம்தான். கதை அதற்கு 200 ஆண்டுகள் கழித்து நடக்கிறது. பேஸ் (பாசறை) கட்டும் பழைய முறையும், ஒரு வீரன் எதிரியை நேருக்கு நேர் வீழ்த்தும் ‘சிங்க் கில்’ காட்சிகளும் திரும்புகின்றன.

பழைய பாகங்களின் படைகளான கேயாஸ் உண்டா, எல்டார் உண்டா என்று சுற்றும் பட்டியல்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இந்த வரிசையின் முதல் பாகத்தில் புதுப் படைகள் எல்லாமே எக்ஸ்பான்ஷன் வழியாகத்தான் வந்தன: 2005-இல் ‘வின்டர் அசால்ட்’டோடு இம்பீரியல் கார்டு, அடுத்த ஆண்டு ‘டார்க் குருசேட்’டோடு டாவும் நெக்ரானும், 2008-இல் ‘சோல்ஸ்டார்ம்’மோடு சிஸ்டர்ஸ் ஆஃப் பேட்டிலும் டார்க் எல்டாரும். உங்களுக்குப் பிடித்த படை முதல் நாளில் இல்லை என்பதற்காக மனம் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மூன்றாம் பாகத்துக்கும் இப்படித்தான் காத்திருந்தோம். விளையாடியதும் சப்பென்று ஆகிவிட்டது. ஏன் அப்படி ஆயிற்று? மறுபடியும் அதே நடக்காது என்று எப்படி நம்புவது?

பதில்: மூன்றாம் பாகம் மோசமாகச் செய்யப்பட்ட கேம் அல்ல. அது வேறு ஒரு கேம்; பெயர் மட்டும் இதன் பெயர். எங்கெங்கே விலகிப்போனது என்று தெரிந்துகொண்டால், புதியதைப் பார்க்கும்போது எங்கே கண் வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலாவது, மல்டிபிளேயரின் வெற்றி நிபந்தனை. முதல் பாகத்தில் எதிரியின் கட்டடங்களை அழித்தும் வெல்லலாம், வரைபடத்தின் பாயின்டுகளைப் பிடித்து வைத்தும் வெல்லலாம். மூன்றாம் பாகம் வெளியானபோது இருந்தது ஒரே வழி: ஷீல்டு ஜெனரேட்டர், டரட், கடைசியில் பவர் கோர் என்று வரிசையாக உடைக்க வேண்டும். இது மோபா வகைக் கேம்களின் (எதிரியின் கோபுரங்களை வரிசையாக உடைத்து மையத்தை அழிப்பவை) அமைப்பு. எத்தனை தந்திரமாகப் படை நடத்தினாலும் ஆட்டம் அந்த ஒரே பாதையில்தான் ஓடியது. பழைய ‘அனைத்தையும் அழி’ முறையைச் சில வாரங்கள் கழித்து அப்டேட்டில் சேர்த்தார்கள். அதற்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

இரண்டாவது, கவர், அதாவது அடியைக் குறைக்கும் மறைவிடம். முதல் பாகத்தில் பள்ளம், இடிபாடு, மரக்கூட்டம் எல்லாமே மறைவிடம். தண்ணீரில் நின்றால் கூடுதல் அடி. நிலத்தைப் படிக்கத் தெரிந்தவர் சிறிய படையோடு பெரிய படையை நிறுத்திவிடுவார். மூன்றாம் பாகத்தில் அதற்குப் பதில், குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் பிடித்துக்கொள்ளக்கூடிய குமிழ்க் கவசம் வைத்தார்கள். நிலம் வெறும் தரையாகிவிட்டது.

மூன்றாவது, கேம்பெயின். 17 மிஷன்கள், மரீன், ஆர்க், எல்டார் என்று மாறி மாறி. ஒரு படையின் கட்டடங்களும் ஹாட்கீகளும் (கட்டளைக்கான விசைகள்) கைக்குப் பழகும் நேரத்தில் அடுத்த படையைக் கொடுத்துவிடுவார்கள். 2018 பிப்ரவரியில் இனி புதிய உள்ளடக்கம் வராது என்று ரெலிக் அறிவித்தது.

நான்காம் பாகத்தில் மூன்றாவது குறைக்கு நேரடித் தீர்வு இருக்கிறது: படைக்கு ஒரு கேம்பெயின். பேஸ் கட்டுவதற்கு மீண்டும் எடை கொடுப்பது முதல் குறையைக் குறைக்கக்கூடும். கவர்தான் இனி நீங்கள் கவனிக்க வேண்டியது. அடுத்த கேம்பிளே வீடியோ வரும்போது வெட்டுக்குத்துக் காட்சிகளை விட்டுவிட்டு, ஒரு துப்பாக்கி ஸ்குவாட் (சிறு படைக்குழு) இடிபாட்டுக்குள் நகரும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். கவர் இருந்தால் மவுஸை இடத்தின் மேல் கொண்டுபோகும்போதோ, ஸ்குவாட்டின் தலைக்கு மேலேயோ ஏதாவது ஒரு குறி தெரியும். அந்தச் சின்னக் குறியில்தான் இந்த கேமின் பாதி உயிர் இருக்கிறது.

கேள்வி: நான் இரண்டாம் பாகம் மட்டும் விளையாடியவன். அதில் பேஸ் கிடையாது. நான்காம் பாகம் வருமுன் எதைப் பழகிக்கொள்வது?

பதில்: முதல் பாகத்தின் ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. மூன்று எக்ஸ்பான்ஷன்களும் அதிலேயே அடக்கம். கேமராவை முன்பைவிட உயர்த்தி அகலமாகப் பார்க்கலாம். 64 பிட்டுக்கு மாற்றப்பட்டதால், பெரிய மாட் (ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்பு) போட்டு நீண்ட நேரம் ஆடும்போது நினைவகம் தீர்ந்து மூடிக்கொள்கிற பழைய தொல்லை விலகியது. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

ஸ்பேஸ் மரீனை எடுத்துக்கொண்டு ஒருவருக்கு ஒருவர் ஸ்கிர்மிஷ் (கதை இல்லாத தனி ஆட்டம்) ஆடுங்கள். முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆட்டம் தொடங்கிய நொடியிலேயே ஸ்டிராங்ஹோல்டில் (தலைமைக் கட்டடம்) ஒரு சர்விட்டரும் (கட்டடம் கட்டுபவர்), தொடர்ந்து இரண்டு மூன்று ஸ்கவுட் (முன்னோடி வீரர்) ஸ்குவாட்டுகளும் வரிசையில் போட்டுவிடுங்கள். கையில் இருக்கும் சர்விட்டர் சேப்பல் பாராக்ஸ் (வீரர்களை உருவாக்கும் கட்டடம்) கட்டப் போகட்டும். புதிதாக வரும் சர்விட்டர் பவர் ஜெனரேட்டருக்குப் போகட்டும். ஸ்கவுட் வெளியே வந்த பிறகு இடம் தேடி அனுப்பாதீர்கள். ரேலி பாயின்டை (புதிதாக வரும் ஆட்கள் தாமாகப் போய் நிற்கும் இடம்) முதலிலேயே பக்கத்து ஸ்ட்ராட்டஜிக் பாயின்ட் (பிடித்தால் வளம் தரும் இடம்) மேல் வைத்துவிட்டால் நடைநேரம் மிச்சம். அங்கிருந்து அடுத்த பாயின்ட், அதற்கடுத்தது என்று ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே கட்டளைகளை அடுக்குங்கள்.

பிடித்த பாயின்டின் மேல் லிசனிங் போஸ்ட் கட்டினால் ரெக்விசிஷன் (ஆட்களும் கட்டடங்களும் வாங்கும் வளம்) வரவு கூடும். அதை இடிக்காமல் எதிரியால் பாயின்டைப் பறிக்கவும் முடியாது. புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். எல்லாப் பாயின்டிலும் ஒரே நேரத்தில் போஸ்ட் கட்டத் தொடங்கி, ஸ்குவாட் வாங்க ரெக்விசிஷன் இல்லாமல் நிற்பார்கள். எதிரி எளிதில் வந்து போகும் பாதையில் இருக்கும் பாயின்டுக்கு முதலில் கட்டுங்கள், மூலையில் இருப்பது காத்திருக்கும்.

ஜெனரேட்டர் தரும் இன்னொரு வளமான பவர் விஷயத்தில் நேர் எதிரான தவறு நடக்கும். ஆரம்பத்தில் பவரின் தேவை குறைவாகத் தெரிவதால் ஜெனரேட்டரைத் தள்ளிப்போடுவார்கள். அடுத்த டயருக்கு (வளர்ச்சிக் கட்டத்துக்கு)ப் போனதும் வாகனங்களும் ஆராய்ச்சிகளும் பவரை விழுங்கும். ரெக்விசிஷன் குவிந்து கிடக்க, ஒரு டாங்கிகூட எடுக்க முடியாது. திரையில் ரெக்விசிஷன் ஏறிக்கொண்டே போனால் செலவழிக்க நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று பொருள். சேமிப்புக்கு இந்த கேமில் வட்டி கிடையாது.

சண்டையில் கவனிக்க வேண்டியது மொரேல் (மன உறுதி) கோடு. அது காலியானால் ஸ்குவாட் உயிரோடு இருந்தாலும் அடிக்கும் வலு போய்விடும். நின்று சாக விடாமல் உடனே பின்னுக்கு இழுங்கள். ஃபிளேமர் (தீ உமிழும் ஆயுதம்) ஆட்களை அதிகம் கொல்லாவிட்டாலும் மொரேலை உருக்கிவிடும். ஒரு ஸ்குவாட் ஃபிளேமரோடு இருந்தால் எதிரியின் கூட்டத்தை உடைக்கலாம். ஆள் குறைந்த ஸ்குவாட்டைப் பேஸுக்குத் திருப்பி அழைக்க வேண்டாம், களத்திலேயே ஆள் சேர்த்துக்கொள்ளலாம். அதேபோல் துப்பாக்கி ஸ்குவாட்டை எதிரியின் வாள்வீச்சுக் கூட்டம் தொட்டுவிட்டால் அதனால் சுட முடியாது. மாட்டிக்கொண்ட ஸ்குவாட்டை ஓடவிட்டு, துரத்துபவர்களை இன்னொரு ஸ்குவாட்டால் சுடுவதுதான் பதில். இந்த ஒரு அசைவு கைக்கு வந்துவிட்டால் உங்கள் ஆட்டத்தின் தரமே மாறிவிடும்.

கேள்வி: நெக்ரான் எடுத்து ஆட ஆசை. தொடக்கக்காரருக்கு ஒத்துவருமா?

பதில்: ‘டார்க் குருசேட்’ நெக்ரான் முறைப்படி சொல்கிறோம், புதியதில் கணக்குகள் மாறலாம். அங்கே நெக்ரானுக்கு ரெக்விசிஷன் தேவையே இல்லை, பவர் ஒன்றுதான் பணம். பாயின்ட் பிடித்து அதன் மேல் ஒபலிஸ்க் (நெக்ரான் கட்டடம்) எழுப்பினால் உற்பத்தியும் ஆராய்ச்சியும் வேகம் எடுக்கும். வீழ்ந்த வாரியர்களில் சிலர் தாமாகவே எழுந்து வருவார்கள். ஒரே ஒரு வளத்தைக் கவனித்தால் போதும் என்பது தொடக்கக்காரருக்கு வசதிதான். ஆனால் நடை மெதுவு. எதிரி ஒரு மூலையில் தாக்கிவிட்டு அடுத்த மூலைக்கு ஓடினால் உங்கள் படை நடுவழியில் நடந்துகொண்டிருக்கும். எங்கே சண்டை வரும் என்று முன்கூட்டியே ஊகிக்கத் தெரிய வேண்டும். அது பழக்கத்தில்தான் வரும். முதலில் மரீன், அடுத்து நெக்ரான் என்பது நல்ல வரிசை.

கேள்வி: ரெலிக் இல்லாத டான் ஆஃப் வாரா? கிங் ஆர்ட் மேல் நம்பிக்கை வைக்கலாமா?

பதில்: அவர்கள் 2020 செப்டம்பரில் வெளியிட்ட ‘அயர்ன் ஹார்வெஸ்ட்’ கையில் இருந்தால் நீங்களே தீர்ப்புச் சொல்லலாம். 1920-களின் கற்பனை ஐரோப்பாவில் இயந்திர மனிதர்கள் மோதும் கேம். பாயின்ட் பிடித்து இரும்பும் எண்ணெயும் சேர்ப்பது, கவரில் பதுங்குவது, பேஸ் கட்டுவது என்று எலும்புக்கூடு நமக்குப் பழக்கமானதே. பெரிய இயந்திரம் வீட்டுக்குள் புகுந்து சுவரைத் தகர்த்துக்கொண்டு வெளிவரும்போது அதன் எடையை உணர முடியும். பெரிய உருவத்துக்குக் கனம் கொடுக்க இவர்களுக்குத் தெரியும். மரீன்களின் பெரிய நடக்கும் இயந்திரமான டிரெட்நாட்டுக்கு வேண்டியதும் அதுதான்.

அதே கனம் குறையாகவும் ஆனது. கட்டளை கொடுத்த பிறகு திரும்பி நடக்க யூனிட்டுகள் எடுக்கும் நேரம், வேகமான ஆட்டத்துக்குப் பழகியவரைப் பொறுமை இழக்கச் செய்யும். எங்கள் முடிவு: காட்சி, கேம்பெயின் இரண்டிலும் இவர்களை நம்பலாம். யூனிட் சொன்னதைக் கேட்கும் வேகத்தை மட்டும் கண்ணால் பார்த்த பிறகே நம்புங்கள்.

கேள்வி: என் கம்ப்யூட்டர் கொஞ்சம் பழையது. கிராபிக்ஸ் கார்டு மாற்றிவிட்டால் போதுமா?

பதில்: அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். இந்த வகைக் கேம்களில் முதலில் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் பிராசசர். நூற்றுக்கணக்கான யூனிட்டுகள் வழி கண்டுபிடிப்பது, யார் யாரைக் குறிவைப்பது, ஒவ்வொரு குண்டும் எங்கே படுகிறது என்ற கணக்கு எல்லாம் ஒன்றிரண்டு கோர்களிலேயே நெருக்கியடித்து ஓடும். எட்டு கோர் பிராசசரில் ஒரு கோர் முழுதாகத் திணறினாலும் டாஸ்க் மேனேஜரின் மொத்தக் கணக்கில் 12.5 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் காட்டும். அதைப் பார்த்து ‘பிராசசர் சும்மாதானே இருக்கிறது’ என்று ஏமாந்து கார்டு மாற்றியவர்கள் நிறைய.

சோதிக்கும் முறை எளிது. இருக்கும் கேமில் பெரிய சண்டை நடக்கும் இடத்தில் சேவ் செய்யுங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை காட்சிச் சட்டங்கள்) எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்து அதே சேவை மறுபடி ஓட்டுங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. அசையவே இல்லை என்றால் தடை பிராசசர். புதுக் கார்டு போட்டாலும் பலன் இருக்காது.

ரேம் 16 ஜிபி ஒரே குச்சியாக இருப்பதைவிட 8 ஜிபி இரண்டாக இருப்பது நல்லது. பிராசசருக்குத் தரவு போகும் பாதை இரட்டிப்பாகும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிக்கொண்டே ஆடுங்கள், பேட்டரியில் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் முதலில் குறைக்க வேண்டியது நிழலும், களத்தில் தங்கும் உடல்கள், இடிபாடுகளின் அளவும். டெக்ஸ்சரைக் கடைசியில் தொடுங்கள். கார்டில் நினைவகம் போதுமென்றால் அது வேகத்தை அவ்வளவாகப் பாதிக்காது.

கேள்வி: நண்பர்களோடு ஆறு பேராக ஆடும்போது ஒருவருடைய கம்ப்யூட்டர் மெதுவானால் எல்லோருக்கும் இழுக்கிறது. சில நேரம் ‘சிங்க் எரர்’ என்று ஆட்டமே அறுந்துவிடுகிறது. நெட் வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி கேம்கள் பலவும் எல்லா யூனிட்டின் நிலையையும் நெட்டில் அனுப்புவதில்லை. நீங்கள் கொடுத்த கட்டளை மட்டும்தான் போகிறது. ஒவ்வொருவர் கம்ப்யூட்டரும் அதே கட்டளைகளை அதே வரிசையில் போட்டு முழுப் போரையும் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. 1997-இல் வந்த முதல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இந்த முறையால்தான் 28.8 கிலோபிட் மோடத்தில் பெரிய படைகளை ஓட்டியது. அதில் ஒரு சுற்று ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட். இப்போது கொடுத்த கட்டளை இரண்டு சுற்று கழித்து எல்லோரிடத்திலும் ஒரே நேரத்தில் நிறைவேறும்.

ஆகவே கணக்கில் பின்தங்கும் ஒரு கம்ப்யூட்டருக்காக மற்ற ஐந்தும் காத்திருக்க வேண்டும். அந்த நண்பரைப் பின்னால் ஓடும் பிரௌசரையும் ரெக்கார்டரையும் மூடச் சொல்லுங்கள், எல்லோரும் சேர்ந்து பாபுலேஷன் வரம்பு (ஒருவர் வைத்திருக்கக்கூடிய ஆட்களின் அளவு) குறைவான மேப்பை எடுங்கள். அறுந்துபோவதற்குக் காரணம் வேறு: இரண்டு கம்ப்யூட்டர்களின் கணக்கு எங்கோ ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை. முக்கால்வாசி நேரம் மாட் பதிப்பு வேறாக இருக்கும், அல்லது ஒரே மாட்கள் வேறு வரிசையில் ஏற்றப்பட்டிருக்கும். எல்லா மாட்டையும் நீக்கி, ஸ்டீமில் (கேம் விற்கும் இணையக் கடை) கேம் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதியை ஆறு பேரும் ஓட்டி, மாட் இல்லாமல் ஒரு ஆட்டம் முழுதாக ஆடுங்கள். அறுந்துபோகாவிட்டால் மாட்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். இந்த ஒழுங்கை இப்போதே பழகிக்கொண்டால் புதிய பாகத்தின் முதல் மாதப் பாட்சுகளின் (திருத்த அப்டேட்டுகள்)போது அல்லாட வேண்டியிருக்காது.

கேள்வி: லாஸ்ட் ஸ்டாண்ட் என்பது என்ன? ஏன் அதற்கு இவ்வளவு ஆர்ப்பரிப்பு?

பதில்: இரண்டாம் பாகத்துக்கு 2009-இல் இலவசமாகச் சேர்த்த முறை. மூன்று பேர், ஆளுக்கு ஒரு ஹீரோ, 20 அலைகளாக வரும் எதிரிகளைத் தாக்குப்பிடிக்க வேண்டும். அடுத்தடுத்து ஆடும்போது புதிய ஆயுதங்கள் திறக்கும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்; பேஸ் கட்டத் தெரியாத நண்பரையும் சேர்த்துக்கொள்ளலாம். நான்காம் பாகத்திலும் இது உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். ஆர்ப்பரிப்பு நியாயமானதுதான்.

கேள்வி: முன்கூட்டியே வாங்கிவிடலாமா, பொறுக்கலாமா?

பதில்: முன்கூட்டி வாங்கினால் கேமின் தரம் கூடப்போவதில்லை; பொறுத்தால் ஒன்றும் தீர்ந்துபோகவும் போவதில்லை. ஸ்டீமில் வாங்குபவருக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது: 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். முன்பதிவுக்கு அந்த 14 நாள் வெளியீட்டு நாளிலிருந்து தொடங்கும். ஆனால் வெளியீட்டுக்கு முன்பே ஆடத் தரும் பதிப்பில் செலவான நேரமும் இரண்டு மணி நேரக் கணக்கில் சேரும். ஷேடர் (காட்சியை வரையும் நிரல்) தயாராவதற்கு நீங்கள் காத்திருக்கும் நேரமும், மெனுவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்துபோன நேரமும்கூட அதில்தான்.

எனவே கேம்பெயினின் அறிமுகக் காட்சிகளில் அந்த நேரத்தைக் கரைக்காதீர்கள். நேராக ஸ்கிர்மிஷுக்குப் போங்கள். நான்கைந்து ஸ்குவாட்டையும் இரண்டு வாகனங்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ஒரு குறுகலான சந்து வழியாக அந்தப் பக்கம் போகச் சொல்லுங்கள். வாகனம் ஸ்குவாட்டுக்கு வழிவிடுகிறதா, சந்தின் வாயில் முட்டிக்கொண்டு நிற்கிறதா? சண்டை நடுவில் ஒரு ஸ்குவாட்டைப் பின்வாங்கச் சொல்லிப் பாருங்கள். சிங்க் கில் ஓடிக்கொண்டிருக்கும் வீரன் அதை முடித்துவிட்டுத்தான் வருவானா, அதுவரை ஸ்குவாட் முழுதும் காத்திருக்கிறதா? டிரெய்லரில் அழகாகத் தெரியும் அந்த அசைவு, ஆட்டத்தில் உங்கள் ஸ்குவாட்டைச் சாகடிக்குமா என்பது இங்கே தெரிந்துவிடும். கேமராவை எவ்வளவு உயரத்துக்கு இழுக்கலாம், ஹாட்கீகளை மாற்ற முடிகிறதா, கன்ட்ரோல் கீயும் எண்ணும் அழுத்திப் பிரித்த குழுக்கள் ஆட்கள் சேர்ந்த பிறகும் கலையாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கடைசியாக, எல்லா இடங்களும் நிரம்பிய பெரிய மேப்பில் இருபதாவது நிமிடத்தின் எஃப்பிஎஸ். சந்தும் பின்வாங்கலும் தேறினால் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை பாட்ச் வந்தால் சரியாகும். அந்த இரண்டும் கேமின் அடிமட்டத்தில் இருப்பவை. வெளியான பிறகு அவற்றைத் திருத்துவது கடினம்.

கேள்வி: பழகும்போது ரீப்ளே சேமித்து வைக்கிறேன். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பழையவை திறக்கவில்லை. ஏன்?

பதில்: ரீப்ளே ஃபைலில் இருப்பதும் வீடியோ அல்ல, கட்டளைகளின் பட்டியல்தான், அதனால்தான் அவ்வளவு சிறிதாக இருக்கிறது. பாட்சில் ஒரு ஆயுதத்தின் வலுவை மாற்றினாலே அதே கட்டளைகளுக்கு வேறு போர் கிடைக்கும், ஆகவே பழையதைத் திறக்க கேம் மறுத்துவிடும். வைத்துக்கொள்ள விரும்பும் ஆட்டத்தை அடுத்த அப்டேட்டுக்கு முன்பே ஓடவிட்டு வீடியோவாகப் பதிவுசெய்து விடுங்கள்.